வேலை நெருக்கடிக்கு நடுவே ஹெல்தி 365: யாருக்கு, எதற்கு, எவ்வளவு?

சிங்கப்பூர்ச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஹெல்தி 365 செயலியைப் பற்றி நம்மவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "நடந்தால் பற்றுச்சீட்டு தருவார்களே, அதுதானே?" என்பதே பெரும்பாலும் முதல் மறுமொழியாக வரும். அந்த மறுமொழி தவறன்று. ஆனால் அந்தச் செயலியில் மிகக் குறைந்த மதிப்புடைய பகுதி அந்தப் பற்றுச்சீட்டுதான் என்பது என் கருத்து. காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்பி, அதற்குப் பிறகு பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் மறுநாள் சமையலுக்கான காய்கறியையும் பார்க்க வேண்டியிருக்கும் ஒருவருக்கு இந்தச் செயலியும் அதைச் சுற்றியுள்ள அரசாங்கச் சேவைகளும் உண்மையில் என்ன பயன் தருகின்றன என்பதை மட்டும் இந்த மதிப்புரையில் பார்க்கிறேன். ஓய்வுபெற்றவர்களுக்கும், அதிகாலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓடி முடித்துவிட்டு அலுவலகம் போகும் பாக்கியம் பெற்றவர்களுக்கும் இது தேவைப்படாது.

தேசிய அளவிலான நடைச் சவால், அதாவது நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச், 2015ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கியது. கையில் கட்டிக்கொள்ளும் கருவியை இலவசமாகக் கொடுத்து, ஒரு நாளில் எத்தனை அடி நடந்தோம் என்பதை எண்ணி, அதற்குப் புள்ளிகள் வழங்கி, அந்தப் புள்ளிகளைப் பேரங்காடிப் பற்றுச்சீட்டாகவோ பயணக் கட்டணமாகவோ மாற்றிக்கொள்ளச் செய்ததுதான் அதன் அடிப்படை ஏற்பாடு. இன்று அதே ஏற்பாடு பல கிளைகள் விட்டு வளர்ந்திருக்கிறது: உடற்பயிற்சி வகுப்புக்கு இடம் பதிவு செய்வது, ஆரோக்கியமான உணவு வாங்கும்போது கியூஆர் குறியீட்டை வருடிப் புள்ளி பெறுவது, சாப்பிட்டதைக் குறித்து வைப்பது என எல்லாமே ஒரே செயலிக்குள் வந்துவிட்டன. அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கின் மூலம் உள்ளே நுழைந்து, கைபேசியோ ஏற்கெனவே கட்டியிருக்கும் கடிகாரமோ எதுவோ ஒன்றை இணைத்துவிட்டால் போதும். அடிகளை அது தானாகவே எண்ணிக்கொள்ளும்.

புள்ளிகளைப் பற்றிய கணக்கை முதலில் முடித்துவிடுவோம். தமக்கென ஒரு மருந்தகத்தில் பதிந்துகொள்ளும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்து மருத்துவருடன் முதல் ஆலோசனையை முடிப்பவர்களுக்கு 3,000 புள்ளிகள் தரப்படுகின்றன. அவற்றின் மதிப்பு 20 வெள்ளி என்று அறிவிக்கப்பட்டது. அப்படியானால் ஒரு வெள்ளிக்கு 150 புள்ளிகள். நடைச் சவாலின் தொடக்கப் பருவங்களில் 10,000 அடி நடந்த நாளுக்கு 40 புள்ளிகள் கிடைத்தன. ஆக, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் வீதம் நான்கு நாள் நடந்தால் ஒரு வெள்ளி. புள்ளி வழங்கும் விதிகள் அதற்குப் பிறகு பலமுறை மாறியிருக்கின்றன; நடப்பு விகிதத்தைச் செயலியிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் விகிதம் எப்படி மாறினாலும், காசுக்காக நடப்பவர் விரைவில் சலித்துப்போவார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. நடந்துகொண்டிருப்பவருக்கு அது ஒரு சின்ன கைத்தட்டல், அவ்வளவே.

அதைவிடப் பெரிய சிக்கல் பத்தாயிரம் என்ற எண்ணில் இருக்கிறது. இந்த எண் மருத்துவ ஆய்வில் பிறந்தது என்று நம்புகிறவர்கள் பலர். 1965ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடி எண்ணும் கருவியின் விளம்பரத்திலிருந்துதான் அது உலகமெங்கும் பரவியது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ தலைமையிலான குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு, சராசரியாக 72 வயதுடைய பதினாறாயிரத்துக்கும் அதிகமான பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைக் காட்டிலும் 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது, 7,500 அடியை ஒட்டி அந்தப் பலன் மேலும் கூடாமல் சமநிலைக்கு வந்தது. அந்த ஆய்வு மூத்த பெண்களைப் பற்றியது என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும், வேலைப் பளுவால் பத்தாயிரத்தை எட்ட முடியாத நாளில் "இன்றைக்குப் போயிற்று, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சோபாவில் சாய்ந்துவிடுகிறவர்களுக்கு அதில் ஒரு செய்தி உண்டு. மூவாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குப் போவதுதான் உடம்புக்குப் பெரிய தாவல். எட்டாயிரத்தைப் பத்தாயிரமாக்குவது அன்று.

நேரமில்லாதவர் இந்தக் கூடுதல் இரண்டாயிரம் அடியை எங்கே தேடுவது? சிங்கப்பூரில் அது ஏற்கெனவே பயணத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. டோபி காட் நிலையத்தில் வட்டப் பாதையிலிருந்து வடகிழக்குப் பாதைக்கு மாறுகிறவர்களுக்கு அந்த நீண்ட நடைவழி தெரியும். நகரும் பாதையில் நிற்காமல் பக்கத்தில் நடந்து போனால் மட்டுமே நாளுக்கு இருமுறை சில நூறு அடிகள் சேர்ந்துவிடும். ஒரு பேருந்து நிறுத்தம் முன்னதாக இறங்கி, கூரை வேய்ந்த நடைபாதை வழியாகவே வீட்டுக்கு நடப்பது இன்னொரு வழி. இந்த ஊரில் மழைக்கும் வெயிலுக்கும் பயப்படாமல் அதைச் செய்ய முடிவது சாதாரண வசதி அன்று. மதிய உணவு இடைவேளையில் அருகிலுள்ள உணவங்காடி நிலையத்தை விட்டுவிட்டு, பத்து நிமிட நடைத் தொலைவில் உள்ள அடுத்த நிலையத்தைத் தேர்ந்தெடுப்பவர்களையும் எனக்குத் தெரியும். செயலி இவற்றில் எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை. அது எண்ணிக்கையை மட்டும் காட்டும். எங்கே சேர்ப்பது என்பதை நம் அன்றாடப் பாதையை அறிந்த நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காலணி இல்லாமல் மூன்று நான்கு கிலோமீட்டர் நடக்கும் நம் மக்களுக்கு நடக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆண்டின் மற்ற நாள்கள்தான் கேள்வி.

அடிகளைவிடப் பயனுள்ள அளவுகோல் ஒன்றும் இதே செயலியில் இருக்கிறது: மிதமான அல்லது தீவிரமான உடலசைவில் கழித்த நிமிடங்கள். 2022ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட சிங்கப்பூர் உடலியக்க வழிகாட்டி, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலசைவில், அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் வரை தீவிரமான உடலசைவில் ஈடுபட வேண்டும் என்கிறது. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்க வேண்டும். நடையில் சொன்னால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு அடி. இந்த அளவுகோலின் சிறப்பு, அது வாரக் கணக்கு என்பதே. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் அலுவலர், தேர்வுத் தாள் திருத்தும் ஆசிரியர், இரவுப் பணியில் இருக்கும் தாதி ஆகியோரின் நாள்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. செவ்வாய்க்கிழமை சுத்தமாக வீணாகிப் போனாலும் சனிக்கிழமை காலையில் ஈடுகட்ட முடியும் என்ற நிலை அவர்களை ஆட்டத்திலேயே வைத்திருக்கிறது. எனவே செயலியைத் திறந்தவுடன் கண்ணில் படும் அன்றைய அடிக் கணக்கைக் கடந்து, வார நிமிடங்களைப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். ஆனால் இந்த நிமிடங்களைக் கணக்கிட இதயத் துடிப்பை அளக்கும் கடிகாரமோ கைப்பட்டையோ வேண்டும். கைபேசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி பெரிதாக உதவாது.

அதே வழிகாட்டி வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சி செய்யச் சொல்கிறது. நம் சமூகத்தில் முற்றிலும் விட்டுப்போகும் பகுதி இதுதான். நாற்பதைத் தாண்டிய நம் ஆண்கள் "வாக்கிங் போகிறேன்" என்று சொல்வதோடு கடமை முடிந்ததாகக் கருதுகிறார்கள். பெண்கள் எடை தூக்குவதைப் பற்றி நினைத்தும் பார்ப்பதில்லை. புளோக்குக்குக் கீழே உள்ள உடற்பயிற்சி மூலையில் பத்து நிமிடம் செலவழித்தால் போதும். அதற்குத் தனி உடை கூடத் தேவையில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடம் அடிக் கணக்கில் ஏறாது என்பதால், எண்ணுக்குப் பழகிவிட்ட மனம் அதை வெறுமனே கழிந்த நேரமாக எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. அடிகளை மையமாகக் கொண்ட எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான குறை இது.

அளக்கும் முறையிலும் நம் வீடுகளுக்கே உரிய சில இடைவெளிகள் உண்டு. என் அண்ணி தொடக்கப்பள்ளி ஆசிரியர். வகுப்பறைக்கும் ஆசிரியர் அறைக்கும் இடையே நாள் முழுக்க ஏறி இறங்குகிறார்; ஆனால் சேலையிலோ சுடிதாரிலோ பை கிடையாது, கைபேசி கைப்பையிலேயே கிடக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு சமையலறை மேடையில் அதைச் சார்ஜில் போட்டுவிட்டு இரவு பத்து மணி வரை நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருக்கிறார். செயலியின் பார்வையில் அவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கைப்பட்டை கட்டினால் இந்தக் குறை தீரும், ஆனால் வளையல்களோடு அது உரசுகிறது என்று வலக்கையிலிருந்து இடக்கைக்கும் இடக்கையிலிருந்து மேசை இழுப்பறைக்கும் அது இடம் மாறிவிட்டது. "நான் நடக்கிறேனா இல்லையா என்று இது சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?" என்று அவர் கேட்டபோது எனக்கு மறுமொழி சொல்லத் தோன்றவில்லை. மாறாக, சப்பாத்தி தேய்க்கும்போது கை அசைவதையெல்லாம் அடியாக எண்ணிவிடும் பட்டைகளும் உண்டு. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு பேரங்காடியைச் சுற்றி வந்தால், கை அசையாததால் அதே பட்டை கணக்கைக் குறைத்துக் காட்டும். எனவே எண்ணைத் துல்லியமான உண்மையாக எடுத்துக்கொள்ளாமல், சென்ற வாரத்தைவிட இந்த வாரம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பதை அறிய மட்டும் பயன்படுத்துவது பொருத்தமாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவரை எழுப்பி நடக்க வைக்க வேண்டும் என்பதே இத்தகைய செயலிகளின் அடிப்படை எண்ணம். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் நம் ஊழியர்கள் பிற்பகலுக்கு முன்பே பத்தாயிரம் அடியைத் தாண்டிவிடுகிறார்கள். அவர்களுக்குக் குறைவாக இருப்பது தூக்கமும், பொழுது விடிவதற்கு முன்பே பொட்டலம் கட்டி நண்பகலில் பிரிக்கப்படும் சோற்றுக்குப் பதிலாகச் சூடான உணவும்தான். புள்ளிகள் கிடைத்தால் வாங்கிக்கொள்ளட்டும், அதில் தவறில்லை. ஆனால் அவர்களுடைய ஆரோக்கியத்துக்கு இந்தச் செயலி விடை ஆகாது.

செயலியின் வழியாகப் பதிவு செய்யக்கூடிய இலவச உடற்பயிற்சி வகுப்புகள் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். கடைத்தொகுதிகளின் நடுக்கூடத்தில் மாலை வேளையில் நடக்கும் ஸும்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காக்களில் நடக்கும் வகுப்புகள் என்று பலவகை உண்டு. பயிற்றுநர் மேடையில் நின்று ஆட, கீழே அலுவலக உடையை அப்போதுதான் மாற்றிக்கொண்டு வந்தவர்களும், காய்கறிப் பையை ஓரமாக வைத்துவிட்டு வந்த பாட்டிமாரும் ஒன்றாக ஆடுகிறார்கள். பணம் கட்டித் தனியார் உடற்பயிற்சிக் கூடத்தில் ஆண்டுச் சந்தாவில் சேர்ந்துவிட்டு மூன்றாம் மாதம் போவதை நிறுத்திவிடும் பழக்கத்துக்கு இது நல்ல மாற்று: வராத வாரத்துக்குப் பணம் வீணாவதில்லை, வந்த வாரத்துக்குத் துணை இருக்கிறது. கூட்டத்தின் நடுவே ஆடுவதற்குக் கூச்சப்படுகிறவர்கள் முதல் முறை கடைசி வரிசையில் நின்றுகொள்ளலாம். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. வேலை நேரம் ஒழுங்காக இல்லாதவர்களுக்கு மாலை வகுப்புகள் கைகூடுவது கடினம் என்பதுதான் இதிலுள்ள வரம்பு.

அவர்களுக்கு ஆக்டிவ்எஸ்ஜி நீச்சல் வளாகங்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் மேலான தேர்வு. ஸ்போர்ட் சிங்கப்பூர் 2014இல் தொடங்கிய இந்த உறுப்பினர் திட்டத்தின்கீழ், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு கோப்பை கோப்பியின் விலையை ஒட்டிய கட்டணத்தில் நீந்தலாம். பெரும்பாலான வளாகங்கள் காலை ஆறரை மணிக்கே திறந்துவிடுகின்றன. வாரத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக மூடியிருக்கும் அல்லது தாமதமாகத் திறக்கும். அந்த நாள் வளாகத்துக்கு வளாகம் மாறும் என்பதால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரமில்லாதவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, 2017இல் திறக்கப்பட்ட நம் தெம்பனிஸ் மையம், பிடோக் ஹார்ட்பீட் போன்ற ஒருங்கிணைந்த வளாகங்களை. பிடோக்கில் நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், நூலகம், சமூக மன்றம், பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. பிள்ளையை நூலகத்தில் விட்டுவிட்டு அரை மணி நேரம் நீந்திவிட்டு வரலாம். உடற்பயிற்சியைத் தனி வேலையாக ஆக்காமல், எப்படியும் போகவேண்டிய இடத்தோடு சேர்த்துவிடும் இந்த ஏற்பாடு எந்தச் செயலியையும்விட ஒருவரின் பழக்கத்தை மாற்ற வல்லது என்று நினைக்கிறேன். மூட்டு வலி உள்ளவர்களுக்கு நீச்சல் நடையைவிடப் பொருத்தம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உணவுப் பகுதியில் செயலிக்கு என் மதிப்பெண் குறைவு. சாப்பிட்டதைக் குறித்து வைக்கும் வசதி, ஒரு பொட்டலத்தையோ ஒரு கிண்ண நூடல்ஸையோ குறிக்க ஒத்துவரும். நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒத்துவராது. இரண்டு கரண்டி சாம்பார், அதில் எத்தனை தேக்கரண்டி எண்ணெய், பொரியலில் தேங்காய் எவ்வளவு என்பதெல்லாம் சமைத்தவருக்கே தெரியாது. வேலை மிகுந்தவர்கள் முதலில் கைவிடும் பழக்கம் இந்தக் குறிப்பெழுதும் பழக்கமாகத்தான் இருக்கும். அதற்குப் பதில், வாரியமே பரப்பிவரும் தட்டு முறையைக் கண்ணளவாகப் பின்பற்றுவது எளிது: தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பகுதி முழுத் தானியம், கால் பகுதி பருப்பு, மீன், கோழி போன்ற புரதம். வாழையிலைச் சாப்பாட்டின் பழக்கப்பட்ட அளவுகளை இது தலைகீழாக்கும் என்பதுதான் சிக்கல். சோறு நடுவில் மலையாகவும் காய் ஓரத்தில் பொட்டாகவும் இருக்கும் வழக்கத்தை மாற்ற, சோற்றைக் குறைப்பதைவிடக் காயை முதலில் பரிமாறச் சொல்வது எளிதாக இருக்கும்.

உப்பையும் கவனிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூரர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார்கள். பரிந்துரைக்கப்படும் உச்ச வரம்பு 2,000 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு. ஊறுகாயும் அப்பளமும் மோர் மிளகாயும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை நம் வீடுகளில் யாரும் விரும்பிக் கேட்பதில்லை.

பானங்களில் நிலைமை தெளிவாக இருக்கிறது. பானங்களை ஏ முதல் டி வரை தரம் பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேட் அடையாளம் பொட்டலமிட்ட பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடைகளில் உடனுக்குடன் தயாரிக்கப்படும் பானங்களுக்கு 2023 டிசம்பர் 30 முதலும் நடைமுறைக்கு வந்தது. நூறு மில்லிலிட்டருக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. ஐந்துக்கு மேல் பத்து வரை சி. டி தரம் பெற்ற பானங்களை விளம்பரம் செய்யவும் முடியாது. ஆனால் சிறு வணிகங்களுக்கு விலக்கு இருப்பதால், நாம் அன்றாடம் நிற்கும் உணவங்காடித் தேநீர்க் கடையில் அந்த எழுத்தை எதிர்பார்க்க முடியாது. அங்கே நாம் சொல்லும் சொல்தான் அடையாளம். தேக்காவில் ஒரு கடையில், "அண்ணே, ஒரு தே-சி கோசோங்" என்று சீனியே இல்லாத பால் தேநீர் கேட்டால், கடைக்காரர் குவளையிலிருந்து நிமிராமலே, "சீனி கொஞ்சம்கூட வேண்டாமா தம்பி, சியூ டாய் போடட்டுமா?" என்று, சீனியைக் குறைத்துப் போடுவதாக ஒரு முறை சமாதானம் பேசிப் பார்ப்பார். தே தாரிக்கில் இனிப்பு பெரும்பாலும் கெட்டிப் பாலிலிருந்து வருவதால் அதில் "சீனி குறைவாக" என்று கேட்பது பெரிதாக உதவாது. தே-சியில் பால் வேறு, சீனி வேறு என்பதால் சீனியை மட்டும் விட்டுவிடலாம். நாளுக்கு மூன்று முறை தேநீர் குடிக்கும் ஒருவர் இந்த ஒரு மாற்றத்தைச் செய்தால், அதற்குக் கூடுதல் நேரம் ஒரு விநாடியும் வேண்டாம். முதல் சில நாள்கள் நாக்குக்குக் கசப்பாக இருக்கும். பிறகு பழைய இனிப்புதான் திகட்டும்.

இத்தனைக்கும் மேலாக, இந்தச் செயலிக்கும் அதைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளுக்கும் நான் நல்ல மதிப்பெண் கொடுப்பது ஹெல்தியர் எஸ்ஜிக்காகத்தான். 2022இல் வெள்ளை அறிக்கையாக நாடாளுமன்றத்துக்கு வந்து, 2023 ஜூலை 5ஆம் தேதி தொடங்கிய இந்தத் திட்டத்தில், 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தங்களுக்கென ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். முதல் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளும் நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், கொழுப்பு, சில வகைப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் பதிவு செய்த குடிமக்களுக்கு இலவசம். வேலையில் மூழ்கியிருப்பவர்கள் தள்ளிப்போடுவது உடற்பயிற்சியை மட்டுமல்ல. ரத்தப் பரிசோதனையைத்தான் அவர்கள் அதைவிட நீண்ட காலம் தள்ளிப்போடுகிறார்கள். காய்ச்சலுக்கு ஒரு மருந்தகம், முதுகுவலிக்கு வேறொன்று, விடுப்புச் சான்றிதழுக்கு அலுவலகத்துக்கு அருகில் இன்னொன்று என்று அலைவதால் நம் ரத்த அழுத்தம் ஐந்து ஆண்டுக்கு முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்று ஒப்பிட்டுச் சொல்ல எவரும் இருப்பதில்லை. ஒரே மருத்துவர் என்ற ஏற்பாடு அந்தக் குறையைப் போக்குகிறது.

மருந்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது புகழைப் பார்க்காமல், வீட்டிலிருந்தோ வழக்கமாக இறங்கும் ரயில் நிலையத்திலிருந்தோ நடந்து போகும் தொலைவில் இருக்கிறதா, சனிக்கிழமை திறந்திருக்குமா என்பவற்றைப் பாருங்கள். பெற்றோருக்கும் அதே மருந்தகம் என்றால் மேலும் வசதி. தமிழ் பேசும் மருத்துவரோ உதவியாளரோ இருந்தால் அப்பா அம்மா தாங்களாகவே பேசிவிடுவார்கள், நாம் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் போக வேண்டியதில்லை. ஆலோசனைக்குப் போகும்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையே கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெயரை நினைவிலிருந்து சொல்வதில் பாதி நேரம் போய்விடும். மருத்துவர் எழுதித் தரும் திட்டத்தில் "உடற்பயிற்சி செய்யவும்" என்ற பொதுவான வரி இருந்தால், எந்த நாளில், எத்தனை நிமிடம், என்ன வகை என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் பணி நேர அட்டவணையை அவரிடம் காட்டினால், இரவுப் பணிக்கு மாத்திரை வேளையை எப்படி மாற்றுவது என்பதையும் அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம்.

நாற்பதை எட்டாதவர்களுக்கு இந்த வழி இல்லை. ஆனால் நம் இனத்தவருக்கு அதுவரை காத்திருப்பது புத்திசாலித்தனம் அன்று. சிங்கப்பூரில் நீரிழிவு நோய் இந்தியர்களிடையே மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதைச் சுகாதார அமைச்சின் மக்கள்தொகை ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே அபாயம் மிதமான நிலைக்குப் போகிறது, 27.5இல் உயர்ந்த நிலை. மேலை நாட்டு அட்டவணையில் 25 வரை இயல்பு என்று படித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 18 முதல் 39 வயது வரை உள்ளவர்கள் இணையத்தில் நீரிழிவு அபாயக் கணிப்புக்கான கேள்விகளுக்கு விடை தரலாம். பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறதா, எடை என்ன, ரத்த அழுத்தம் உண்டா என்பன போன்ற சில கேள்விகள்தான், ரயிலில் மூன்று நிறுத்தம் கடப்பதற்குள் முடிந்துவிடும். அபாயம் அதிகம் என்று வந்தால், ஸ்கிரீன் ஃபார் லைஃப் என்ற தேசிய உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின்கீழ் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள முடியும். தகுதி பெறும் குடிமக்களுக்கு அதன் கட்டணம் 5 வெள்ளியைத் தாண்டாது. வெறும் வயிற்றோடு போகவேண்டிய பரிசோதனை என்றால், சனிக்கிழமை காலை முதல் வேளையாகப் பதிவு செய்துகொண்டால் அன்றைய தோசை பத்து மணிக்குள் கிடைத்துவிடும்.